பதினொரு வீச்சு

எங்கள் பக்கத்தில் அடிதடி நடந்தால் அடித்தவனும் அடிவாங்கியவனும் முதலில் ஓடுவது ஆஸ்பத்திரிக்குத்தான். காயம் பெரிதா சிறிதா என்பதெல்லாம் அப்புறம். யார் முதலில் போய்க் கட்டிலில் படுக்கிறாரோ அவர் பக்கம்தான் பேச்சு நிற்கும். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை வரை வேலை பார்த்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குத்தான் போனேன். படுப்பதற்கு என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது.

திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் தாணு அண்ணாச்சிக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. சீசனில் அதில் வண்டிகள் நிறுத்துவார்கள். நான் அங்கே காவல். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக வந்தவன் என்பதால் எனக்கு அந்த வேலை. பதினேழில் ஒன்பது வருஷம் படைப்பிரிவின் குத்துச்சண்டை அணியில் இருந்தேன். அது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சிறு பையன்கள்கூட என்னைப் பார்த்தால் முஷ்டியை மடக்கிக் காட்டுவார்கள். நான் சிரிக்காமல் போய்விடுவேன்.

அன்று பதினொரு மணிக்கு ஒரு டெம்போ வேன் வந்து வாசலை அடைத்து நின்றது. உள்ளே இருந்து கார்கள் வெளியே போக முடியவில்லை. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். ஓட்டுநர் ஜெப்சன், பக்கத்து ஊர்க்காரன், இருபத்தாறு வயது இருக்கும். விடிவதற்கு முன்பே திருச்சூரில் இருந்து கிளம்பி, தூங்காமல் ஓட்டி வந்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. ஏதோ சொன்னான், நானும் ஏதோ சொன்னேன். இன்னொரு தடவை தட்டினேன். அவன் கதவைத் திறந்துபோட்டு இறங்கினான்.

அவன் தோள் முதலில் அசைந்தது. என் இரண்டு கைகளும் தாமாக முகத்துக்கு முன்னால் வந்தன. கால் பின்னால் போனது.

பதினொரு வீச்சு. எண்ணவேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை, பழக்கம் எண்ணுகிறது. எல்லாம் வலது கை, எல்லாம் தூரத்தில் இருந்து சுற்றி வருகிறவை. நான் தலையை ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தேன். பதினோராவது வீச்சு வந்தபோது என் முதுகுக்குப் பின்னால் கேட்டின் சிமென்ட் தூண் இருந்தது. என் தலை அங்கே இல்லை. தூண் இருந்தது. அந்தச் சத்தம் நான் கேட்டுப் பழகிய சத்தம்தான். ஜெப்சன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டான்.

குத்துச்சண்டை படித்தால் தற்காப்புக்கு ஆகுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகும். ஆனால் கேட்கிறவர்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. கத்தி வைத்திருப்பவனிடமும், இரண்டு பேரிடமும் ஓடத்தான் வேண்டும். கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுகிறவனிடம் அது பாதிக்குமேல் உதவாது. கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால் முதலில் உடைவது குத்தியவன் விரல்தான். அது தருவது மிகச் சின்ன விஷயம். அடி வரும்போது கண்ணை மூடாமல் இருக்கலாம். எல்லாருக்கும் மூடும். நூறு தடவை மூக்கில் வாங்கிய பிறகு மூடாது. திறந்திருக்கிற கண்ணுக்குத் தூரம் தெரியும். தூரம் தெரிந்தால் ஒரு எட்டு பின்னால் வைக்கலாம். தற்காப்பு என்பது அந்த ஒரு எட்டுதான். மற்றதெல்லாம் மைதானத்தில் கைதட்டுகிறவர்களுக்கு.

கையுறை இல்லாமல் நான் என் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் அடித்திருக்கிறேன். ரெஜிலாவை. என் மனைவி.

பதினான்கு வருஷத்துக்கு முன்பு, லீவில் வந்திருந்தபோது, இதே வீட்டில், அடுக்களை வாசலில். ஒரு அடி. ஒன்றுதானே என்று என் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒரு அடி என்ன செய்யும் என்று தெரியாதவர்கள் அப்படிச் சொல்லலாம். அவளுடைய தாடை இடது பக்கம் முறிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னேன். ரெஜிலாவால் வாயைத் திறக்க முடியாது. எங்கள் மகள் லிஜாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவர்கள் இரண்டு பேரும் இந்த வீட்டுக்கு வரவில்லை.

லிஜாவின் கல்யாணம் நடந்ததை நான் வேறு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நெய்யூர் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் பிப்ரவரியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் வந்தது. யாரென்று கேட்டேன். லிஜா என்றாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். மழை பெய்ததா, ரேஷன் வாங்கினீர்களா, இவ்வளவுதான் பேச்சு. ஜூன் தொடக்கத்தில், ஜூலை இரண்டாவது ஞாயிறு ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம், வரலாம் என்றாள். ‘வாருங்க’ என்று சொல்லவில்லை. ‘வரலாம்’ என்றாள். எனக்கு அது போதும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சந்தோஷம். ஜெப்சன் பதினொரு தடவை வீசியும் என் கை முஷ்டியாக மூடவில்லை. பஸ்ஸில் வரும்போது இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கைரேகை பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தாணு அண்ணாச்சி நடந்த உடனேயே சொன்னார்.

“வேய், நிக்காதேயும். நேரா போயி அட்மிட் ஆவும்.”

“எனக்கு ஒண்ணும் படல்ல அண்ணாச்சி.”

“படணும்னு ஆரு சொன்னா? நெஞ்சு வேதனைன்னு சொல்லும். அவன் முந்திக்கிட்டான்னா நீரு ஸ்டேஷனுக்கும் தோப்புக்குமா நடக்கணும், பாத்துக்கிடும்.”

நான் போகவில்லை. அன்று சாயங்காலம் லிஜா கூப்பிட்டபோதும் இதைச் சொல்லவில்லை. மழை இல்லை என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்தது. ஜெப்சன் அட்மிட் ஆகியிருந்தான். வலது கையில் இரண்டு எலும்பு முறிவு. நான்தான் முறித்தேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அதற்குள் வீடியோவும் எல்லார் போனிலும் வந்துவிட்டது. வேனில் வந்த யாரோ உள்ளே இருந்து எடுத்தது, இருபத்திரண்டு விநாடி. வேனின் திறந்த கதவு தூணை மறைத்துவிட்டது. ஜெப்சனின் முதுகு தெரிகிறது. என் முகம் கொஞ்சம், அதன் முன்னால் விரல் தெரியாமல் மங்கலாகத் தூக்கிய கைகள், ஆடுகிற கால். பிறகு ஒரு சத்தம், ஒரு அலறல். ஜெப்சன் கீழே. நான் நிற்கிறேன். நான் பார்த்தாலே நான் அடித்ததுபோலத்தான் இருக்கிறது.

எஸ்.ஐ. ஒரு இளம்பெண், மதுரைப் பக்கம். மரியாதையாகத்தான் பேசினார். அவன் கை முறிந்திருக்கிறதே, நீங்கள் அடித்தீர்கள் என்றால் உங்கள் கையில் அல்லவா ஏதாவது இருக்கவேண்டும் என்று அவரே சந்தேகப்பட்டார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஏட்டு இந்த ஊர்க்காரர். அவர் எஸ்.ஐ.க்கு விளக்கிச் சொன்னார். இங்கே வர்மம் படித்தவர்கள் உண்டு, ஓங்கி அடிக்கவேண்டாம், இடம் பார்த்துத் தொட்டால் போதும், கை தானாக ஒடியும், பட்டாளத்தில் இவருக்கு அதெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றார். குத்துச்சண்டையில் அப்படி எதுவும் கிடையாது, பிடிப்பதற்கே அனுமதி இல்லை என்று நான் சொன்னேன். ஏட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தெரிந்தவன் வெளியே சொல்லமாட்டான் என்கிற சிரிப்பு. குத்துச்சண்டை, கராத்தே, வர்மம் எல்லாம் எங்கள் ஊரில் ஒன்றுதான். கற்றவன் கையில் ஏதோ மந்திரம் இருக்கிறது. அவன் இல்லை என்று சொன்னால் உண்டு என்று அர்த்தம்.

கடைசியில் எஸ்.ஐ. சமாதானமாகப் போகச் சொன்னார். கைதவறி அடித்துவிட்டேன், இனி இப்படி நடக்காது என்று நான் எழுதிக் கொடுத்தால் ஜெப்சனின் வீட்டார் மனுவைத் திரும்பப் பெறுவார்கள். ஒரு தாள்தான் ஐயா என்றார். நான் முடியாது என்றேன். எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்று நாள் தருகிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் லிஜா கூப்பிட்டாள். ஞாயிறு இல்லாத நாளில் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அடிச்சியளா?”

“இல்ல மக்கா.”

“அந்தப் பையனுக்க கை ஒடிஞ்சிருக்கு.”

“தூணுல பட்டு ஒடிஞ்சு. நான் தொடல்ல.”

குழந்தைச் சத்தம் இல்லை. தூங்கியிருக்கும்.

“அன்னைக்கும் கல்லுல பட்டு ஒடிஞ்சுன்னுதான் சொன்னிய,” என்றாள்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவளும் வைக்கவில்லை. பிறகு, ஞானஸ்நானத்துக்கு வரண்டாம், அம்மையும் வருவா, எனக்குப் பயமா இருக்கு என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை எப்போது போடவேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த இரவும் அடுத்த பகலும் நான் வீட்டில் இருந்தேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அது சொன்ன இடத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது பதினான்கு வருஷம் ஒரு ஆணியில் தொங்கிக் கிடந்து, நான் உண்மையைச் சொன்ன அன்று இறங்கி வந்து என் வாயை அடைக்கும் என்று நினைக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கல், தூண். எனக்கே இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

நான் அடிக்கவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் நான். புதன்கிழமை மற்றவனைப் பார்க்கப் போனேன்.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரம் படுத்திருந்தான். கையில் மாவுக்கட்டு. அவன் அம்மா பேபி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“என்னத்துக்கு வந்தீரு? மத்த கையும் நல்லாத்தான் இருக்கு, அதையும் ஒடிச்சிட்டுப் போலாம்னா?”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கட்டிலில் இருந்து மூன்று எட்டு தள்ளி. பேபி மறுபடியும் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்தாள். ஒரு சுளையை மகனிடம் நீட்டினாள். அவன் இடது கையால் அதை வாங்கிக்கொண்டு மென்றான். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எதிலோ தட்டியது. கால் மணி நேரம் இருக்கும். அவன்தான் முதலில் பேசினான்.

“எத்தன வீசினேன்னு ஓர்ம உண்டா மாமா?”

“பதினொண்ணு.”

“எனக்கு எட்டுன்னு நெனவு.” கொஞ்சம் கழித்து, “ஒண்ணுகூட ஒங்க மேல பட்டில்ல” என்றான். “காத்துல அடிச்ச மாதிரி இருந்து. அதுதான் எனக்கு வெப்ராளம், கோவம் கூடிச்சு. ஒரு அடி ஒங்க மேல பட்டிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேன்.”

பேபி மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அப்படியானால் அதை ஸ்டேஷனில் சொல்லலாமே என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். நின்றுகொண்டிருந்த ஒரு கிழவனை அடிக்கப் போய்த் தூணில் குத்திக் கையை ஒடித்துக்கொண்டான் என்று தெரிந்தால் வேன் ஸ்டாண்டில் அவனால் தலைகாட்ட முடியாது. இப்போதே ஒருவன் சந்தேகப்பட்டு ‘ஏலே தூணு’ என்று மெசேஜ் போட்டிருக்கிறான். வண்டி முதலாளியிடமும் அடிவாங்கியதாகத்தான் சொல்லியிருக்கிறான். ஆரம்பித்துவிட்டான், இனி திரும்ப முடியாது. எனக்கு அது புரிந்தது. என்னைவிட யாருக்குப் புரியும்.

“நான் எழுதித் தாறேன்,” என்றேன். “நான்தான் அடிச்சேன்னு. நீங்க கேக்கிய மாதிரியே.”

பேபி ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்தபடி இருந்தாள். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“ஒரு போன். எனக்க மக கிட்ட. நடந்தத அப்படியே சொல்லணும். அவகிட்ட மட்டும் போரும்.”

ஜெப்சன் என்னை வெகு நேரம் பார்த்தான். மகள் எதற்காக என்று அவன் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அவன் அம்மா, என்ன எழுவுலே இது, ஊருக்கு ஒண்ணு வீட்டுக்கு ஒண்ணு என்று முணுமுணுத்தாள். ஆனால் போனை எடுத்து மகனின் இடது கையில் கொடுத்தவள் அவள்தான். நான் எண்ணைச் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்து வெளி வராந்தாவுக்குப் போனேன். அவன் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தால் நான் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

வராந்தாவில் ஒரு கம்பி ஜன்னல். கீழே கண்ணாடி உடைந்த ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. அதன் கூரையில் வேப்பம்பழம் உதிர்ந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேபி வந்து கூப்பிட்டபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று தெரியவில்லை.

“சொல்லிட்டேன்,” என்றான் ஜெப்சன்.

“என்ன கேட்டா?”

“அவிய ஒண்ணுதான் கேட்டாவ. ஒங்க கை மூடி இருந்துதா, தொறந்து இருந்துதான்னு.”

ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

“தொறந்துதான் இருந்துன்னு சொன்னேன். அவிய கேக்கும்பதான் எனக்கே ஓர்ம வந்து. வெரலெல்லாம் விரிச்சு வச்சிருந்திய. எனக்கு அது ஒரு மாதிரி இருந்து, சர்ச்சுல பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லும்ப நிக்க மாதிரி.”

“பெறவு?”

“பெறவு ஒண்ணும் பேசல்ல. கட் பண்ணவும் இல்ல. நானும் வச்சிட்டே இருந்தேன். பெறவு செரின்னு சொன்னாவ.”

நான் கிளம்பும்போது பேபி ஒரு ஆரஞ்சு கொடுத்தாள். பஸ்ஸில் அதை உரிக்காமல் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘என்னால் தாக்கப்பட்டு’ என்கிற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. தேதி மட்டும் வேறு, பெயர் மட்டும் வேறு என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். பதினான்கு வருஷத்துக்கு முன்பு எழுதியிருக்கவேண்டிய தாள் அது. எஸ்.ஐ. அதை வாங்கிப் படித்தார். என் கைகளைப் பார்த்தார். கோப்பில் வைத்தார்.

தாணு அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டு, அப்பம் அடிச்சது உள்ளதுதானா, கள்ளன் வேய் நீரு என்று தோளில் தட்டினார். அவர் குரலில் ஒரு புது மரியாதை இருந்தது. தோப்பில் இப்போது யாரும் வாசலை அடைத்து வண்டி நிறுத்துவதில்லை. நான் கண்ணாடியைத் தட்டவேண்டியதுகூட இல்லை. நடந்து போனாலே நகர்த்திவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஜூலை இரண்டாவது ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு மெசேஜ் வந்தது. ஆராதனை எட்டரைக்கு. கடைசி பெஞ்சில் இருக்கவேண்டும். அம்மை பக்கம் வரக்கூடாது. பிள்ளையைக் கையில் கேட்கக்கூடாது.

கட்டாயம் வருவேன் மக்கா என்று எழுதினேன். அழித்தேன். சரி என்று எழுதி அனுப்பினேன்.

எட்டு மணிக்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஆட்கள் வந்து வந்து முன்னால் நிறைந்தார்கள். ரெஜிலா முதல் வரிசையில் இடது பக்கம் இருந்தாள். தலை நரைத்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியும் என்பது அவள் தோளில் தெரிந்தது. எங்களுக்கு நடுவில் பதினெட்டு பெஞ்சுகள். நான் ஒன்பது வருஷம் அடிவாங்கிப் படித்த அந்த ஒரு எட்டை அவள் யாரிடமும் படிக்காமல் பதினான்கு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஒருநாள்கூட கண்ணை மூடியிருக்கமாட்டாள்.

பெயர் சொல்லித் தண்ணீர் விட்டபோது குழந்தை வீறிட்டது. இங்கிருந்து முகம் தெரியவில்லை. லிஜாவின் தோளுக்கு மேலே ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது. இறுக்கி மூடியிருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அது விரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எல்லாரும் பாட எழுந்துவிட்டார்கள், முதுகுகள் மறைத்துவிட்டன.